வெள்ளைச் சைக்கிளுக்கு வைத்த பொட்டு

1

நான் வேலைக்குப் போகும் சைக்கிள் பாதையை எடுத்துவிடப் போகிறார்கள். அந்த அறிவிப்பைப் பாதையோரக் கம்பத்திலேயே கட்டியிருந்தார்கள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் பட்டை வைத்து இறுக்கியிருந்தார்கள். நம் ஊரில் ஜப்தி நோட்டீஸை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு முழுவதும் படித்தேன்.

இது கனடாவில் ஒரு பெரிய நகரம். தெருவின் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது. புதுக்கோட்டை கீழராஜ வீதியை நான்கு மடங்கு நீட்டி, அதிலிருந்து மனிதச் சத்தத்தை மட்டும் கழித்துவிட்டால் வருகிற தெரு. சில வருடங்களுக்கு முன்பு இருபுறமும் கார்களின் இடத்திலிருந்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து, வெள்ளைக் கோடு போட்டு, முட்டினால் வளைகிற பிளாஸ்டிக் கம்புகளை நட்டு, சைக்கிளுக்கு என்று ஒதுக்கினார்கள். அன்றிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. கார் நகர மாட்டேன் என்கிறது, ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்கிறது, கடைக்கு ஆள் வருவதில்லை, பனிக்காலத்தில் எவன் சைக்கிள் ஓட்டுகிறான் என்கிறது ஒரு பக்கம். எங்கள் உயிர் உங்கள் ஐந்து நிமிடத்தைவிட மலிவா என்கிறது இன்னொரு பக்கம். ரேடியோ, பேருந்து நிறுத்தம், முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் இதே பேச்சு.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை வேடிக்கையாக இருக்கும். கீரனூர் சாலையில் சைக்கிள்காரனுக்கு என்று இருப்பது தார் முடிந்து மண் தொடங்கும் அந்த ஓரம்தான். அதை யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை. எடுத்துக்கொள்ளவும் யாரும் கூட்டம் போட்டதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. கீரனூர் அரசுப் பள்ளி, பிறகு தினமும் பஸ்ஸில் திருச்சிக் கல்லூரி, பிறகு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. காலை ஏழு மணி வேலைக்கு, இருட்டு பிரியும் முன்பே, அந்தப் பட்டைக்குள் நான் போய்க்கொண்டிருப்பேன்.

2

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் இங்கே வந்த முதல் இலையுதிர் காலம். ஆயுத பூஜை ஒரு வேலைநாளில் வந்தது. ஊரில் அன்றைக்கு எங்கள் வாசலில் அப்பா ஓட்டும் லாரியைக் கழுவி, ரேடியேட்டருக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கடைசியில் என் சைக்கிளுக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். இங்கே நான் ஒரு நிலவறை வாடகை அறையில் தனியாக இருந்தேன். அம்மா பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக் குழைத்து, என் சைக்கிளுக்கு வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

வழியில் ஒரு நாற்சந்தி. அங்கே கம்பத்தோடு சங்கிலி போட்டு ஒரு சைக்கிள் நின்றது. அன்றைக்குத்தான் அதை நான் சரியாகப் பார்த்தேன். சக்கரம், கம்பி, சீட்டு, செயின், கைப்பிடி எல்லாம் வெள்ளை. பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்கிற மாதிரி ஒரு இடம் விடாமல் அடித்திருந்தார்கள். முன்கூடையில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள். கைப்பிடியில் ரிப்பன்.

இந்த ஊரிலும் ஒருவர் இன்றைக்குத் தன் வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார், நம் ஆளாகத்தான் இருக்க வேண்டும், பொட்டு வைக்க மட்டும் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என் பையில் டப்பா இருந்தது. இறங்கினேன். கைப்பிடிக்கு நடுவில், நம்மூர் சைக்கிளில் கம்பெனி முத்திரை இருக்கும் இடத்தில், சந்தனத்தை வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பின் சக்கரத்தின் மேல்தகட்டிலும் ஒன்று. போட்டோ எடுத்தேன். கும்பிடவும் செய்தேன்.

சாயங்காலம் அந்தத் தெருவில் மெஸ் நடத்தும் சுப்பையா அண்ணனிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் திருமயத்துக்காரர். வந்த புதிதில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர். "பாத்தியா, நம்மாளு ஒருத்தன் இங்கயும் இருக்கான்!" என்று அவரும் சேர்ந்து மகிழ்ந்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மகள் யாழினி எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் படிப்பவள். தமிழ் புரியும், பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள்.

"அக்கா, இது... பூஜை இல்ல."

"பின்ன?"

"அந்த இடத்துல சைக்கிள்ல போனவங்க யாராச்சும் செத்துட்டா... அவங்களுக்காக வைக்கிறது. அது செத்தவங்களோட சைக்கிள், அக்கா."

சுப்பையா அண்ணன் கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தார்.

3

மறுநாள் ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் முன்னதாகவே போனேன். செத்தவருடைய சாமானுக்கு மங்கலப் பொருளை வைத்துவிட்டுப் போட்டோ வேறு எடுத்துக்கொண்டவளுக்கு இரவெல்லாம் தூக்கம் வருமா? துடைத்துவிட வேண்டும். ஆனால் கிட்டே போனதும் கை நீளவில்லை. வைத்ததைவிட அழிப்பது பெரிய தப்பு என்று எதுவோ சொல்லிற்று. மழை வந்தால் தானாகக் கரைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் மழை வந்தது. சந்தனம் போய்விட்டது. சிவப்பு போகவில்லை.

அடுத்த வாரமும் மழை. சிவப்பு முன்பைவிடத் தெளிவாக இருந்தது. நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். நான் கொண்டுவந்த குங்குமம் தண்ணீர் பட்டால் ஒழுகிப் பரவும் என்று எனக்குத் தெரியும். இது ஒழுகவில்லை. ஓரம் கூராக, நேற்று வைத்தது போல இருந்தது. அது இரவில் தானாக வளர்கிறதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன். ஆனால் அன்றிலிருந்து அந்த இடத்தைத் தாண்டும்போது என் கட்டைவிரல் தானாகப் போய் மணியை ஒரு தடவை அடித்தது. ஏன் அடித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

முதல் பனி பெய்த காலை எனக்கு மறக்காது. கம்பம் வெள்ளை, நடைபாதை வெள்ளை, வானம் வெள்ளை. சைக்கிள் இருந்த இடத்தில் சைக்கிளைக் காணவில்லை. ஆள் இடுப்பு உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, காற்றில், அந்தச் சிவப்புப் பொட்டு மட்டும் நின்றுகொண்டிருந்தது. கிட்டப் போகப் போகத்தான் அதைச் சுற்றிக் கைப்பிடியும் கம்பியும் மெல்லத் தெரிய ஆரம்பித்தன.

இன்னொரு காலை, மூடுபனி. நாற்சந்தி வருவதற்கு முன்பே, நான் கை வைக்காமலே, முன்னால் ஒரு மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. எதிரே யாரோ வருகிறார்கள் என்று ஓரம் ஒதுங்கி நின்றேன். யாரும் வரவில்லை. வெள்ளைச் சைக்கிளைப் பார்த்தேன். அதில் மணி கிடையாது. கழற்றிய இடத்தில் திருகு ஓட்டைகளின் மேலும் வெள்ளை பூசியிருந்தது. அடித்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் படித்தவள், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதுவேன்.

4

மணி அடிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் பிடிபட்டது.

அப்பா கிரஷரிலிருந்து ஜல்லி ஏற்றும் லாரி ஓட்டினார். பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்ட நாள்களில் என்னை கேபினில் ஏற்றிக்கொள்வார். கீரனூருக்கு முன்னால் ஒரு மதகு வரும். அங்கே வந்ததும், சாலையில் ஆடு மாடு எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு ஹாரன் அடிப்பார். நீளமாக இருக்காது. தொட்டுவிட்டு எடுப்பார்.

ஆறாவது படிக்கும்போது கேட்டேன். "யாருப்பா குறுக்க வந்தது?"

"யாரும் வரலத்தா."

"அப்பறம் எதுக்கு ஹாரன்?"

"போறேன்னு சொல்லிட்டுப் போவேணாமா?"

யாரிடம் என்று கேட்கவில்லை. அவர் முகம் கேட்க விடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவை அரித்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மழைநாளில், அந்த மதகுக்குப் பக்கத்தில் தார் ஓரத்தைத் தண்ணீர் அரித்து ஒரு சாண் பள்ளம் விழுந்திருந்தது. மண்ணில் சைக்கிளில் போன ஒருவர் பள்ளத்துக்குப் பயந்து தார்மேல் ஏறினார். சக்கரம் விளிம்பில் வழுக்கியது. அப்பாவின் லாரி அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தது.

"அப்பா மேல தப்பில்லைன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. இனிமே இந்தப் பேச்ச வீட்டுல எடுக்காத," என்றார் அம்மா.

எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் இறந்துபோனவருக்குப் பெயர் கிடையாது. 'மதகு' என்று யாராவது சொன்னால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான்.

அரசாங்க சைக்கிள் கிடைத்த அன்று அப்பா அதன்மேல் கடையிலிருந்த ரேடியம் ஸ்டிக்கரையெல்லாம் ஒட்டினார். மட்கார்டு, பெடல், ஸ்போக்ஸ் என்று எதையும் விடவில்லை. நான் வருவதைப் பார்த்துக் கூடப் படித்த பெண்கள் எல்லோரும் "தேர் வருது, வழி விடுங்கடி!" என்று கத்துவார்கள். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "தார் மேல ஏறாத. மண்ணுலயே போ. எவ்வளவு நேரமானாலும் சரி."

5

போன குளிர்காலத்தின் நடுவில், சாயங்காலம் நான்கு மணிக்கே வெளிச்சம் கரைந்துகொண்டிருந்த ஒரு நாள், வேலை முடிந்து திரும்பும்போது, வெள்ளைச் சைக்கிளுக்கு முன்னால் ஒருவர் பனியில் மண்டியிட்டிருந்தார். சாம்பல் கோட்டு, அறுபது வயது இருக்கும். பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையில் உதட்டுச்சாயக் குழல் இருந்தது. கைக்குட்டையால் கைப்பிடியின் நடுவைத் துடைத்து, அங்கே சிவப்பை வட்டமாகத் தீட்டிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சுவிட்ட சத்தம் கேட்டு நிமிர்ந்தார். என் முகத்தையும் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார். நான் வேலைக்குச் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போவேன்.

"இதை முதலில் வைத்தது நீயா?"

ஆமாம் என்றேன். அவர் பெயர் மார்கரெட். இறந்தவள் அவர் மகள். பாதை வருவதற்கு முன்னால் நடந்தது. அவள் இறந்தபிறகுதான் பாதையே வந்தது. மோதிய வண்டி நிற்கவில்லை. ஓட்டியவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

"இந்தச் சிவப்பை முதல் முறை பார்த்தபோது, அந்த டிரைவர் வந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன்," என்றார். "எந்த நாட்டுக்காரரோ, அவருடைய வழக்கத்தில் இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று. மழையில் அது அழியப் பார்த்தது. அழிய விடக்கூடாது என்று வாராவாரம் வந்து தீட்டுகிறேன். நீ அவருடைய மகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்புப் போதும். ஆனால் நான் இழுத்து இழுத்து ஆயுத பூஜையைச் சொன்னேன். வண்டியைக் கழுவுவதையும் மாலை போடுவதையும் எலுமிச்சம்பழத்தையும் சொன்னேன். தெரியாமல் செய்த தவறு, மன்னித்துவிடுங்கள் என்றேன். என் இங்கிலீஷ் அன்றைக்கு நான் இங்கே வந்து இறங்கிய நாளின் இங்கிலீஷாகிவிட்டது.

அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"அப்படியானால் யாரும் வரவில்லை," என்றார்.

பிறகு பாதி தீட்டியிருந்த வட்டத்தை முடித்தார். குழலை மூடிப் பைக்குள் போட்டார். அறிவிப்பைப் பார்த்தாயா, பாதையை எடுத்தால் கார்கள் திரும்ப இடம் வேண்டும் என்று நடைபாதையை வெட்டுவார்கள், இந்தக் கம்பமும் போய்விடும் என்றார். நகரசபை பொதுமக்களின் கருத்தைக் கேட்கப்போகிறது, ஆளுக்கு மூன்று நிமிடம். "நான் போன தடவையே பேசி அழுதுவிட்டேன். மகளைப் பறிகொடுத்தவள் பேசினால் எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நீ பேசுகிறாயா? நீதானே தினமும் இதில் போகிறாய்?"

பேசுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அந்த இடத்தில் நின்று சொல்ல எனக்கு உண்மையாக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது இல்லை. அப்பாவுடையது. அதைச் சொல்லாமல் பேசினால் மார்கரெட்டிடம் சொன்னது வெறும் வார்த்தை. சொன்னால், எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக வாய் திறக்காத ஒன்றை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் போட்டு உடைத்தவளாவேன்.

6

சுப்பையா அண்ணன் மெஸ்ஸில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் கட்டு இருந்தது.

"வா தங்கச்சி. சைக்கிள பூட்டுனியா? போன வாரம் ஒருத்தனுக்குச் சீட்ட மட்டும் கழட்டிட்டுப் போயிட்டானுங்க. பாவம், வீடு வரைக்கும் நின்னுக்கிட்டே ஓட்டிட்டுப் போனான். இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னண்ணே இது?"

"பாதைய எடுக்கச் சொல்லித்தான்."

"நான் அதுல வந்துதாண்ணே ஒங்க கடைக்குள்ளயே நுழையிறேன்."

"நீ வந்து என்னத்தா திங்கிற? ஒரு காபி, மிஞ்சிப்போனா ரெண்டு இட்லி. கார்ல வர்றவன் குடும்பத்தோட வந்து எலையப் போடுன்னு ஒக்காருவான். அவன் கார எங்க நிறுத்துவான், ஒன் தலையிலயா? காய்கறி வேன் நிக்க எடமில்லாம மூணு தெரு தள்ளிப் போயி நிக்கிது. நான் மூட்டையத் தூக்கிட்டு வாரேன், இந்த இடுப்போட."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் மூட்டை தூக்கி வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, நான் அங்கிட்டு நின்னு பேசப்போறேன்."

"எங்கிட்டு?"

"பாதை இருக்கணும்னு."

அவர் தாள் கட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு சொன்ன?"

"லாரி."

"டிரைவர் மக சைக்கிள்காரனுக்குப் பேசப்போறியா! ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பாவுக்குத் தெரியாது. அந்த வாரம் மூன்று முறை போன் செய்தேன். மழை உண்டா என்று கேட்டேன், கால்வலியைக் கேட்டேன், வைத்துவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் நான் பேச மாட்டேன். ஆகவே கேட்கவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை.

7

நகரசபை மண்டபம் காலை பத்து மணிக்கே நிறைந்துவிட்டது. பேசுபவர் மேஜைக்கு எதிரே சுவரில் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு கடிகாரம். மூன்றில் தொடங்கிப் பூஜ்யத்துக்கு இறங்கும். தீயணைப்பு வண்டியில் வேலை பார்ப்பவர் ஒருவர் பேசினார். டாக்டர் ஒருவர் பேசினார். எனக்கு இரண்டு பேர் முன்னால் சுப்பையா அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையில், மூட்டைக் கதையைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்: "கருப்பையா."

அது அப்பாவின் பெயர். இவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் நான் நிரப்பியது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னைச் சொந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். இந்தப் பெயர் இந்த ஊரில் சத்தமாக ஒலித்து நான் கேட்டதே இல்லை. அவர்தான் எழுந்து வர வேண்டும் போல ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வாசலைக்கூடப் பார்த்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

எழுதி வைத்திருந்ததை நான் பார்க்கவில்லை. பேசியதன் சாரம் இது:

"நான் தினமும் இந்தப் பாதையில் போகிறவள். ஆனால் இன்றைக்குச் சைக்கிள்காரியாக வரவில்லை. ஒரு லாரி டிரைவரின் மகளாக வந்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சாலையில் சைக்கிளுக்கு இடம் கிடையாது. ஒரு மழைநாளில் ஒரு மனிதர் என் அப்பாவின் லாரி முன்னால் வழுக்கி விழுந்து இறந்தார். அப்பா வேகமாக ஓட்டவில்லை, குடிக்கவில்லை. நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அவர் அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், இருபது வருடத்துக்கு மேலாக, ஆள் இல்லாத சாலையில் ஹாரன் அடித்து, போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தக் கோடும் அந்தக் கம்புகளும் சைக்கிளில் போகிறவரை மட்டும் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். காரில் இருப்பவரையும் அதுதான் காப்பாற்றுகிறது. அதை எடுத்தால் இங்கே இருக்கிற யாரோ ஒருவர், நல்லவர், நிதானமாக ஓட்டுகிறவர், என் அப்பா ஆகிவிடுவார்."

இன்னும் நேரம் மிச்சமிருந்தது. எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

உறுப்பினர்களில் ஒரு பெண்மணி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதையை எடுக்க வேண்டும் என்ற கட்சி அவர். ஆனால் மெதுவாகத்தான் கேட்டார்.

"இறந்தவரின் பெயர் என்ன?"

முதுகுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், ஒருவர் வந்து நிற்பது போலிருந்தது. அவரும் என் பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது. திரும்பவில்லை. சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே போயின.

"தெரியாது," என்றேன்.

சாயங்காலம் ஓட்டெடுப்பு. இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் பாதையை எடுப்பது என்று முடிவானது. வெளியே வந்தபோது சுப்பையா அண்ணன் எனக்காக நின்றிருந்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது.

"இம்புட்டு நாளு மனசுல வச்சிருந்தியே, சொல்லக்கூடாதா? தெரியாம நான் வேற கேலி பண்ணிட்டேன்."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. கையெழுத்த வாபஸ் வாங்குவீங்களா?"

"அது முடியாதுத்தா," என்றார். "வேன் நிக்கணும்ல."

மார்கரெட் அந்த வாரமே ஆள் வைத்துச் சங்கிலியை அறுத்து வெள்ளைச் சைக்கிளைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். யாரோ வந்து பிடுங்கும்வரை காத்திருக்க மாட்டேன் என்றார். கம்பத்தில் சங்கிலி உரசிய வளையம் மட்டும் இருக்கிறது.

8

கூட்டம் முடிந்த மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தேன். எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். கீரனூர் டீக்கடையில் இருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்காமல் பேசியதையும் சொன்னேன். மறுமுனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"சபையில சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்ப்பா."

"எத்தன பேரு இருந்தாங்க?"

"எரநூறு பேரு இருக்கும்."

"என்னத்தா கேட்டாங்க?"

"அவரு பேரு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

அவர் டீக்கடையை விட்டு நடந்து வெளியே வரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், பிறகு அதுவும் நின்றது.

"அந்தோணிச்சாமி," என்றார். "ஆவூரு. கேரியர்ல தவிட்டு மூட்ட வச்சிருந்தாரு. வருசா வருசம் அங்க கோயிலுக்குப் போயி ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வருவேன். ஒங்கம்மாவுக்குத் தெரியாது. அவுக வீட்டாளுகளுக்கு என்னையத் தெரியும். போனா ஒக்காரச் சொல்லுவாக. ஒக்காந்ததில்ல." பிறகு, "பேரு தெரியாதுன்னா சொன்ன? அந்தாளுக்குப் பேரே இல்லைன்னுல்ல நெனச்சிருப்பாங்க," என்றார்.

கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வைக்கும்போது, "அப்ப இனிமே நீ எதுல போவ? அங்க மண்ணு இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். நடைபாதையின் விளிம்பு வரைக்கும் தார்தான்.

நகரசபைக் குறிப்பேட்டில் தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். அதற்கு ஒரு படிவம். தேடிப் பிடித்து நிரப்பினேன். கூட்டம், என் வரிசை எண், பிறகு 'திருத்தம்' என்ற கட்டம். அதில் "அந்தோணிச்சாமி, ஆவூர்" என்று எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்தில் "பெயர் விடுபட்டுவிட்டது" என்று எழுதினேன். இன்னும் விவரமாக எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் சின்னது.

மூன்று வாரம் கழித்து, திருத்தம் ஏற்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. கூடவே திருத்திய பக்கத்தின் நகல். யார் என்ன புரிந்துகொண்டார்களோ, விடுபட்டது பேசியவரின் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெயரும் அப்பா பெயரும் இருந்த இடத்தில் இரண்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் இருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"பேசியவர்: அந்தோணிச்சாமி, ஆவூர். நிலைப்பாடு: பாதையை எடுப்பதற்கு எதிர்ப்பு. சுருக்கம்: சாலையில் சைக்கிளுக்கு இடம் இல்லாததால் ஒருவர் இறந்தது பற்றிக் கூறினார். நேரில் வந்திருந்தார்."

அதைப் போனில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். "நேரில் வந்திருந்தார்" என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை கேட்டார்.

மறுபடியும் திருத்தக் கோரப் பத்து நாள் அவகாசம் இருந்தது. நான் கோரவில்லை.